மோலும் துகளும்: சூத்திரமா, முக்கோணமா, ஓரலகு முறையா, அலகை வெட்டுவதா?

பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத மாணவி ஒருத்தியின் நோட்டு என் மேசைக்கு வந்தது. கேள்வி எளியது: 0.5 மோல் ஆக்சிஜன் வாயுவில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன? அவள் எழுதியிருந்த விடை 8.3 × 10⁻²⁵. அதன் அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடும் போட்டிருந்தாள்.

அரை மோல் ஆக்சிஜன் என்றால் 16 கிராம். திட்ட வெப்ப அழுத்த நிலையில் 11.2 லிட்டர், அதாவது வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனில் பாதிக்கு மேல் நிறையும். அவ்வளவு வாயுவில் ஒரு மூலக்கூறு கூட முழுதாக இல்லை என்று அந்த விடை சொல்கிறது. அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை. வகுத்தலைப் பிசகில்லாமல் போட்டிருந்தாள், அடுக்குக்குறியைக்கூடச் சரியாக மாற்றியிருந்தாள். பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டாள், அவ்வளவுதான்.

"ஏம்மா இங்க வகுத்தே?" என்று கேட்டேன். "முக்கோணத்துல அப்படித்தான் சார் வந்துச்சு" என்றாள். அப்புறம் அவளே தொடர்ந்தாள்: "ஸ்கூல்ல ஃபார்முலா போடச் சொல்றாங்க. பழைய டியூஷன்ல முக்கோணம். எங்க அக்கா காலேஜ்ல ஏதோ வெட்டி வெட்டிப் போடுறா. நான் எதை வச்சுக்கட்டும் சார்?"

இதே கேள்வி ஆண்டுதோறும் ஜூன், ஜூலையில் என்னிடம் வருகிறது. ஒரே விடைக்குப் போகும் நாலைந்து வழிகளில் எதைக் கைக்கொள்வது என்பதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, திசை. பெருக்கவா வகுக்கவா என்பதை அந்த முறையே காட்டித் தருகிறதா, அல்லது நம் ஞாபகத்தை நம்பியிருக்கிறதா? அந்த மாணவி தவறியது இங்கேதான். இந்தப் பாடத்தில் நான் அதிகம் திருத்தும் பிழையும் இதுதான்.

இரண்டாவது, எந்தத் துகள். மோல் என்பது டஜன், ரீம் மாதிரி ஓர் எண்ணிக்கைப் பெயர். கடையில் "ஒரு டஜன் கொடுங்க" என்று மட்டும் சொன்னால், "எதுல?" என்று கேட்பார்கள். ஒரு மோல் என்றாலும் அப்படித்தான். அணுவா, மூலக்கூறா, அயனியா? அதைச் சொல்லாத வரை எண்ணிக்கைக்குப் பொருளில்லை.

மூன்றாவது, நீளத்தைத் தாங்குமா. கிராமில் தொடங்கி மோலுக்கு வந்து, அங்கிருந்து மூலக்கூறு, பிறகு அதிலுள்ள அணு என்று கணக்கு நீளும்போது அந்த முறை உடையாமல் கூட வருகிறதா?

மிச்சம் இரண்டும் தேர்வு சார்ந்தவை: கால்குலேட்டர் இல்லாமல் எவ்வளவு விரைவாகப் போடலாம், விடைத்தாளில் படிகளுக்கு மதிப்பெண் கிடைக்குமா.

நான் முதல் இரண்டுக்குத்தான் அதிக எடை கொடுக்கிறேன். வேகம் பயிற்சியில் வந்துவிடும். திசையும் துகளும் தவறினால் எத்தனை வேகமாகப் போட்டாலும் பூஜ்யம்தான்.

எல்லா முறைகளையும் ஒரே இரண்டு கணக்குகளில் உரசிப் பார்ப்போம்.

கணக்கு 1: 3.011 × 10²² கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் எத்தனை மோல்? (விடை 0.05)

கணக்கு 2: 11.1 கிராம் கால்சியம் குளோரைடில் எத்தனை குளோரைடு அயனிகள் உள்ளன? (விடை 1.204 × 10²³)

## சூத்திரம்

மோல் = துகள்களின் எண்ணிக்கை ÷ அவகாட்ரோ எண் (ஒரு மோலில் உள்ள துகள்களின் எண்ணிக்கை, 6.022 × 10²³). பள்ளியில் முதலில் சொல்லித் தருவது இதுதான். கணக்கு 1-ல் எண்களைப் போட்டால் ஒரே வரியில் முடிகிறது: 3.011 × 10²² ÷ 6.022 × 10²³ = 0.5 × 10⁻¹ = 0.05.

விடைத்தாளுக்கு இது நல்ல முறை. சூத்திரம் ஒரு வரி, பிரதியிடல் ஒரு வரி, விடை ஒரு வரி. திருத்துபவர் கண்ணுக்கு மூன்றும் தனித்தனியாகத் தெரியும். கடைசி வரியில் பிசகினாலும் முதல் இரண்டு வரிகளுக்கு மதிப்பெண் வாங்கலாம்.

மறைந்திருக்கும் செலவு, சூத்திரம் ஒன்றோடு நிற்பதில்லை என்பது. நிறையை மோலார் நிறையால் (ஒரு மோலின் நிறையால்) வகுப்பது ஒன்று, துகளை அவகாட்ரோ எண்ணால் வகுப்பது இன்னொன்று, வாயுவின் கன அளவை 22.4 லிட்டரால் வகுப்பது மூன்றாவது. மூன்றுக்கும் இடது பக்கம் ஒன்றே. மாணவர்கள் வலது பக்கத்தைக் கலந்துவிடுகிறார்கள். 22.4 என்பது வாயுவுக்கு மட்டும், அதுவும் 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில் மட்டும் என்பதை மறந்து, 18 கிராம் தண்ணீருக்கும் 22.4 லிட்டர் என்று எழுதிய விடைத்தாள்களைத் திருத்தியிருக்கிறேன். தண்ணீராக இருக்கும்போது அது 18 மில்லி லிட்டர்தான், ஒரு மடக்கு. இதோடு குறியீட்டுத் தொல்லையும் உண்டு. மோலுக்குச் சிறிய 'என்', துகளுக்குப் பெரிய 'என்', அவகாட்ரோவுக்கு அடியில் 'ஏ' போட்ட பெரிய 'என்'. கரும்பலகையில் அவசரமாக எழுதினால் மூன்றும் ஒன்று போலவே இருக்கும்.

கால்குலேட்டர் வைத்திருக்கும் கல்லூரி மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மேலே உள்ள வகுத்தலை எழுதியிருக்கிறபடியே, அடைப்புக்குறி இல்லாமல் தட்டினால் 5 × 10⁴⁴ என்று வரும். கருவி 6.022-ஆல் மட்டும் வகுத்துவிட்டு, 10²³-ஐப் பெருக்கிவிடுகிறது. ஒன்று, கீழே உள்ள எண்ணை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். அல்லது பத்தின் அடுக்குக்கென்றே இருக்கும் 'இஎக்ஸ்பி' பொத்தானைப் பயன்படுத்துங்கள்.

கணக்கு 2-ல் சூத்திரம் பாதி வழியில் நின்றுவிடும். 11.1 ÷ 111 (கால்சியம் குளோரைடின் மோலார் நிறை) = 0.1 மோல், அதை அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் 6.022 × 10²². பலர் இங்கேயே அடிக்கோடு போட்டு முடித்துவிடுகிறார்கள். ஒரு கால்சியம் குளோரைடுக்கு இரண்டு குளோரைடு அயனிகள் என்ற '2' சூத்திரத்தில் எங்கும் இல்லை. அதை மாணவர்தான் தனியாக நினைவு வைத்துப் பெருக்க வேண்டும்.

## முக்கோணம்

மேலே துகள், கீழே இடது பக்கம் மோல், வலது பக்கம் அவகாட்ரோ எண். எது வேண்டுமோ அதைக் கட்டைவிரலால் மூடினால், மிச்சம் இருப்பது வழி காட்டும். பக்கத்துப் பக்கம் நின்றால் பெருக்கு, மேலும் கீழும் நின்றால் வகு.

கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். சமன்பாட்டைப் பக்கம் மாற்றி எழுதத் தடுமாறும் பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். இயற்கணிதத்தில் பயந்துபோன ஒரு மாணவர், முக்கோணம் வரைந்த அன்று முதல்முறையாகக் கணக்கை முடித்துச் சிரித்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் முக்கோணம் ஞாபகத்தைத் தவிர எதையும் நம்பியில்லை. மேலே இருக்க வேண்டியது கீழே போய்விட்டால், அதைத் தடுக்க அதற்குள் ஒன்றும் கிடையாது. அந்த மாணவியின் நோட்டு ஓரத்தில் பென்சிலால் வரைந்திருந்ததைப் பார்த்தேன்: மோல் உச்சியில் இருந்தது, துகள் கீழே. மோலை உச்சியில் வைத்ததால், துகளை மூடினதும் மோலின் கீழே அவகாட்ரோ எண் வந்துவிட்டது. அவள் விதியை ஒழுங்காகப் பின்பற்றினாள், விதி வைத்த இடம்தான் தவறு.

அலகுக்கு அதில் இடமில்லை, எந்தத் துகள் என்பதற்கும் இடமில்லை. கணக்கு 2-க்கு இரண்டு முக்கோணம் வேண்டும், அப்போதும் அந்த '2' வெளியில்தான் நிற்கும். முக்கோணத்தை மட்டும் வரைந்து விடை எழுதினால் படி மதிப்பெண்ணும் சந்தேகம்தான்.

## ஓரலகு முறை

ஜெராக்ஸ் கடையில் 125 தாள் கேட்கிறீர்கள். எத்தனை ரீம்? எட்டாம் வகுப்புப் பிள்ளை யோசிக்காமல் கால் ரீம் என்று சொல்லும். ரீமுக்கு 500, அதில் கால் பங்கு 125. யாரும் அதற்குச் சூத்திரம் சொல்லித் தரவில்லை. ஓரலகு முறை இதையே தாளில் எழுதுகிறது:

6.022 × 10²³ மூலக்கூறுகள் = 1 மோல்
3.011 × 10²² மூலக்கூறுகள் = ?

குறுக்கே பெருக்கினால் 0.05 வந்துவிடும். அதைவிட முக்கியம், பெருக்குவதற்கு முன்பே கண்ணுக்கு ஒன்று தெரிகிறது: கீழே உள்ள எண் மேலே உள்ளதைவிடச் சிறியது, அதனால் விடை ஒரு மோலுக்குக் குறைவாகத்தான் வர வேண்டும். திசையைக் காட்டித் தருவது என்று முதலில் சொன்னேனே, அது இந்த முறையில் இயல்பாக இருக்கிறது. அரை மோல் ஆக்சிஜன் கணக்கை இப்படி எழுதியிருந்தால், 6.022 × 10²³-இல் பாதி என்பது அந்த மாணவிக்குத் தானாகவே தெரிந்திருக்கும்.

கணக்கு 2-ஐ இதில் போட மூன்று ஜோடி வரிகள் வேண்டும். 111 கிராமுக்கு 1 மோல், 11.1 கிராமுக்கு எவ்வளவு? 1 மோல் கால்சியம் குளோரைடில் 2 மோல் குளோரைடு, 0.1 மோலில் எவ்வளவு? 1 மோல் குளோரைடில் 6.022 × 10²³ அயனிகள், 0.2 மோலில் எவ்வளவு? நீளம்தான், ஆனால் '2' தொலைந்துபோகாமல் நடுவில் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். நேரம்தான் இதன் விலை. ஒவ்வொரு ஜோடியிலும் வரும் விடையைத் தோராயமாக்கி அடுத்ததில் போட்டால், கடைசி இலக்கத்தில் கொஞ்சம் பிசகும்.

## அலகை வெட்டிப் போவது

அக்கா வெட்டி வெட்டிப் போட்டது இதைத்தான். ஒவ்வொரு தொடர்பையும் அலகோடு ஒரு பின்னமாக எழுதி, மேலும் கீழும் ஒன்றாக வரும் அலகுகளை அடித்துக்கொண்டே போவது.

கணக்கு 2:

11.1 கிராம் கால்சியம் குளோரைடு
× (1 மோல் கால்சியம் குளோரைடு ÷ 111 கிராம் கால்சியம் குளோரைடு)
× (2 மோல் குளோரைடு ÷ 1 மோல் கால்சியம் குளோரைடு)
× (6.022 × 10²³ குளோரைடு அயனிகள் ÷ 1 மோல் குளோரைடு)
= 1.204 × 10²³ குளோரைடு அயனிகள்

கிராம் கிராமோடு அடிபட்டது, மோல் மோலோடு அடிபட்டது. கடைசியில் தனித்து நிற்பது கேள்வி கேட்ட துகள். பெருக்கவா வகுக்கவா என்ற கேள்வியே இங்கே எழவில்லை. பின்னத்தைத் தலைகீழாக எழுதியிருந்தால் அலகு வெட்டுப்படாமல் 'மோல் வர்க்கம்' என்று பல்லிளிக்கும், அங்கேயே பிடித்துவிடலாம். நான் சொன்ன பிழை வகைகளில் இரண்டைத் தானாகவே காட்டிக்கொடுக்கும் ஒரே முறை இது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 'மோல்' என்று மட்டும் எழுதினால் பாதுகாப்பு போய்விடும். மோல் எதனுடையது என்பதையும் கூடவே எழுத வேண்டும். 'மோல் கால்சியம் குளோரைடு' வேறு, 'மோல் குளோரைடு' வேறு. இரண்டையும் வெறும் 'மோல்' என்று சுருக்கினால் நடுப் பின்னத்தை விட்டுவிட்டாலும் அலகு அழகாக வெட்டுப்பட்டு, பாதி விடையைக் கையில் கொடுத்துவிடும். கல்லூரி முதலாண்டு மாணவர்கள் விழுகிற பள்ளம் இது.

செலவு என்று பார்த்தால், பழக இரண்டு வாரமாவது ஆகும். தமிழ்வழி மாணவர்களுக்கு எழுத்து வேலையும் கூடுதல். 'மூலக்கூறுகள்' என்று ஒரே கணக்கில் நாலு முறை எழுதினால் கை வலிக்கும். என் பிள்ளைகள் முதலில் ஒரு முறை முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் 'மூ.கூ.' என்று போடுகிறார்கள். விடை வரியில் மட்டும் மறுபடி முழுப் பெயர். அது போதும்.

இந்த முறைக்கு ஆதரவாக இன்னொரு விஷயமும் இருக்கிறது. நாம் அவகாட்ரோ எண் என்று சும்மா ஓர் எண்ணாகச் சொல்கிறோம். 2019 மே 20-இல் நடைமுறைக்கு வந்த புதிய வரையறைப்படி ஒரு மோல் என்பது மிகச் சரியாக 6.02214076 × 10²³ துகள்கள். 1971 முதல் அதுவரை இருந்த வரையறை, 12 கிராம் கார்பன்-12-இல் எத்தனை அணுக்கள் இருக்கின்றனவோ அத்தனை என்பது. இந்த எண்ணை அலகோடு, 'ஒரு மோலுக்கு இத்தனை' என்று எழுதினால் அது அவகாட்ரோ மாறிலி. அந்த 'ஒரு மோலுக்கு' என்ற சொல்தான் பின்னத்தின் கீழே உட்காரும் அலகு. வெட்டும் முறை அதை மறைக்காமல் எழுதுகிறது, மற்றவை அதை விழுங்கிவிடுகின்றன.

## மோலிலேயே நின்றுவிடுவது

இது தனி முறை என்பதைவிட ஒரு பழக்கம். துகள்களின் எண்ணிக்கையைக் கேட்காமல், எதில் அதிகம் எதில் குறைவு என்று மட்டும் கேட்டால், அவகாட்ரோ எண்ணைத் தொடவே வேண்டாம். 2020 நீட் தேர்வில் வந்த கேள்வி ஒன்று: வெள்ளி, மெக்னீசியம், ஆக்சிஜன் வாயு, லித்தியம், இவற்றில் ஒவ்வொன்றும் 1 கிராம் இருந்தால் எதில் அணுக்கள் மிக அதிகம்? அணுக்களின் மோலை மட்டும் பாருங்கள்: 1/108, 1/24, 2/32, 1/7. ஆக்சிஜனுக்கு மூலக்கூறு ஒன்றுக்கு இரண்டு அணு என்பதால் 2/32, அதாவது 1/16. பெரியது 1/7, லித்தியம். பத்து விநாடி வேலை.

180 நிமிடத்தில் 180 கேள்வி, கால்குலேட்டர் கிடையாது, தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிவு என்ற இடத்தில் இந்தப் பழக்கம் பெரிய லாபம். எண்ணிக்கையையே கேட்டாலும், கொடுத்திருக்கும் விடைகளில் அவகாட்ரோ எண்ணை அப்படியே வைத்து '0.2 மடங்கு' என்று நிறுத்தியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். எழுத்துத் தேர்வுக்கு இது மட்டும் போதாது.

## ஒரே பார்வையில்

| முறை | திசை தவறினால் காட்டுமா | எந்தத் துகள் என்று நினைவூட்டுமா | நீளமான கணக்கு | வேகம் | படி மதிப்பெண் |
|---|---|---|---|---|---|
| சூத்திரம் | காட்டாது | இல்லை | சுமார் | நன்று | மிக நன்று |
| முக்கோணம் | காட்டாது | இல்லை | தாங்காது | மிக நன்று | சந்தேகம் |
| ஓரலகு முறை | எண்ணைப் பார்த்தாலே தெரியும் | வரியில் எழுதினால் உண்டு | தாங்கும், நீளும் | மெது | நன்று |
| அலகை வெட்டுவது | உடனே காட்டும் | பெயரோடு எழுதினால் உண்டு | மிக நன்று | பழகிய பின் நன்று | நன்று |
| மோலில் நிற்பது | பொருந்தாது | அணு, மூலக்கூறைப் பிரித்துப் பார்த்தால் உண்டு | ஒப்பிடும் கேள்விக்கு மட்டும் | மிக மிக நன்று | கொள்குறிக்கு மட்டும் |

## 6.022-ஆ, 6.023-ஆ?

முறையைத் தேர்ந்தெடுத்த பிறகும் இந்தச் சந்தேகம் வரும். பழைய நூல்களிலும் வழிகாட்டிகளிலும் 6.023 என்று இருக்கும். மேலே சொன்ன வரையறைப்படி நான்கு இலக்கத்துக்குச் சரியானது 6.022. ஆனால் கேள்வித்தாளில் ஒரு மதிப்பைக் கொடுத்திருந்தால் அதையே போடுங்கள். 6 × 10²³ என்று கொடுத்திருந்தாலும் அதேதான்.

## யாருக்கு எது

பத்தாம் வகுப்பில் முதல்முறை மோலைப் பார்ப்பவருக்கு ஓரலகு முறை. ரீமும் டஜனும் தெரிந்த பிள்ளைக்கு மோல் அந்நியமாகத் தெரியாது. இரண்டு வாரம் இதிலேயே இருக்கட்டும். அதன் பிறகு பாடநூல் சூத்திரத்தைக் காட்டினால், அது தான் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதன் சுருக்கம் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். இலங்கையில் மூல், துணிக்கை என்ற சொற்களில் படிப்பவர்களுக்கும் இதே வரிசையைத்தான் சொல்வேன், சொல் மாறினாலும் கணக்கு ஒன்றுதான்.

பதினொன்றாம் வகுப்புக்கும் அதற்கு மேலும் அலகை வெட்டும் முறை. இதில் எனக்குத் தயக்கமில்லை. கரைசலின் செறிவு, வினைபடு பொருள்களின் விகிதம், வாயு விதிகள் எல்லாம் அடுத்தடுத்து வரும்போது தனித்தனிச் சூத்திரங்களை அடுக்கிக்கொண்டே போக முடியாது. பள்ளியில் சூத்திரம் எழுதியே ஆக வேண்டும் என்றால் முதல் வரியில் எழுதிவிட்டு, பிரதியிடும் வரியில் அலகுகளோடு வெட்டுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடாது.

நீட் அல்லது ஜேஇஇ எழுதுபவர், வெட்டும் முறையில் கை தேர்ந்த பிறகு மோலில் நிற்கும் பழக்கத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பே வேண்டாம்.

முக்கோணம்? இயற்கணிதத்தில் திணறும் பிள்ளைக்கு, நாளை மறுநாள் தேர்வு என்றால் கொடுங்கள். அப்போதும் உச்சியில் துகள் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். மூன்றில் எப்போதும் பெரிய எண் அதுவாக இருக்கும் என்று பல ஆசிரியர்கள் சொல்லும் காரணம் சரியல்ல. 0.05 மோலில் துகள் எண்ணிக்கை அவகாட்ரோ எண்ணைவிடச் சிறியதுதான். துகள் உச்சிக்குப் போவது மற்ற இரண்டையும் பெருக்கினால் அது கிடைப்பதால்.

தேர்வுக்குப் பத்து நாளே இருக்கும்போது யாரும் முறையை மாற்ற வேண்டாம். கையில் இருப்பதையே வைத்துக்கொண்டு, விடை எழுதியதும் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். துகள்களைக் கேட்ட கேள்விக்குப் பத்தின் அடுக்கு எதிர்மமாக வந்தால், பெருக்கலும் வகுத்தலும் இடம் மாறியிருக்கிறது. மோலைக் கேட்ட கேள்விக்கு 10⁴⁴ மாதிரி வந்தாலும் அப்படித்தான். அந்த மாணவியிடம் அன்று இதைத்தான் சொல்லி அனுப்பினேன். மறுநாள் தன் பழைய நோட்டைப் புரட்டி, இதே மாதிரி இன்னும் மூன்று விடைகளைத் தானே கண்டுபிடித்து, பச்சை மையில் சுழித்துக்கொண்டு வந்தாள்.